நடுவில் ஒரு ஸ்

பெர்னிக்கெட்டி.
வாயில் போட்டால்
வறுத்த பட்டாணி போலக் கடகடக்கும் சொல்.
கடைசியில் கெட்டி என்றிருப்பதால்
நம்முடையதுதான் என்று கொடி பிடிக்க
எனக்கும் கை துறுதுறுக்கிறது.
சும்மா இரு, கையே.
இது ஸ்காட்லாந்துக்காரர்களின் சொல்.
நாம் நொரநாட்டியம் என்று அலுத்துக்கொள்ளும் இடத்தில்
அவர்கள் அலுத்துக்கொள்வது.

எடின்பரோ, 1964, பிப்ரவரி.
அகராதி அலுவலகத்தின் மூன்றாம் மாடி.
விரல் நுனிகளை வெட்டிவிட்ட கையுறையோடு
ஈஷ்பெல் கெடஸ்
ஒரு பழைய ஷூ பெட்டியைத் திறக்கிறாள்.
உள்ளே நாற்பத்தொரு சீட்டுகள்.

பான்ஃபிலிருந்து தபால்காரர் ஒருவர்:
வேலி ஆணிகளின் தலையெல்லாம்
ஒரே பக்கம் பார்க்க வேண்டும் என்பவரை
எங்கள் பக்கம் இப்படிச் சொல்வோம்.

ஃப்ரேசர்பரோவில் மீன்பெட்டி எண்ணும் மர்டோ டல்லக்:
என் மனைவி என்னைச் சொல்வது. வெள்ளிதோறும்.
ஏனென்று கேட்டதில்லை.

ஓரத்தில் பென்சிலால் ஈஷ்பெல் எழுதினாள்:
எந்த ஆண்டு முதல்?
எல்லா வெள்ளியுமா?

இனிப் பிறப்பு.
குழந்தை ஒன்று ‘பர்ட்டிகுலர்’ சொல்லப் போய்
நாக்கு புரண்டதாம் என்கிறது ஒரு கட்சி.
‘நிக்நாக்’ என்கிற சில்லறைச் சாமான்களின்
ஒன்றுவிட்ட தங்கை என்கிறது இன்னொரு கட்சி.
பிரெஞ்சு, என்றார் தலைமைப் பதிப்பாசிரியர்.
மதியச் சாப்பாட்டுக்குப் பின் அவருக்கு எல்லாமே பிரெஞ்சு.

ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து
ஓட்டை பார்த்து
கீழே வைத்தாள்.
அந்தக் குழந்தையின் பெயரைக் கேட்டால்
யாருக்கும் தெரியவில்லை.

ஒன்று மட்டும் உண்மை:
கடல் தாண்டி அமெரிக்கா போனபோது
நடுவில் ஒரு ‘ஸ்’ ஏறிக்கொண்டது. பெர்ஸ்னிக்கெட்டி.
யார் ஏற்றிவிட்டார்கள் என்று கேட்டால்
அந்த எழுத்தே
உதட்டில் விரல் வைத்துக்கொள்கிறது.

பிறப்பு தெரியவில்லை, என்று எழுதினாள்.
அடித்தாள்.
தெரியவில்லை என்றால்
தேடிக் கிடைக்கவில்லையா, தேடவே இல்லையா?
தெளிவில்லை, என்று எழுதினாள்.
எங்கோ தெளிவாய் நின்றதைப்
பனி வந்து மூடியது போலல்லவா ஆகிறது?
ஐயத்துக்குரியது.
யாருடைய ஐயம்?

பதினோரு நாள்.
ஜன்னலில் ஆலங்கட்டி தட்டிவிட்டுப் போயிற்று.
தேநீர் ஆறி ஆடை கட்டியது.
கோப்பையின் பிடியை
மேசை விளிம்புக்கு நேராகத் திருப்பி வைத்தாள்,
குடிக்கவில்லை.
பதிப்பாசிரியரின் புருவம்
இரண்டாம் நாளே கூரைக்குப் போய்விட்டிருந்தது.

பன்னிரண்டாம் நாள்:
பிறப்பு தெரியவில்லை. முற்றுப்புள்ளி.

லீத் அச்சகத்திலிருந்து ப்ரூஃப் வந்தது.
அவள் தொலைபேசியை எடுத்தாள்.

மிஸ்டர் ஆல்ட், கடைசியில் இருக்கும் புள்ளி
சாய்வெழுத்துப் புள்ளியாக விழுந்திருக்கிறது.
நேரெழுத்துப் புள்ளி வேண்டும்.

அம்மா, புள்ளி.
உருண்டை.
அது எந்தப் பக்கம் சாயும்?

சாய்ந்திருக்கிறது. லென்ஸில் பார்த்தேன்.

கம்பியில் மௌனம்.
பின்னணியில் இயந்திரங்கள்.
பிறகு, வாயைப் பொத்த மறந்து,
பக்கத்தில் யாரிடமோ
ஃபெர்கஸ் ஆல்ட் ஒரு சொல் சொன்னார்.

ஈஷ்பெல் கோபப்படவில்லை.
புதுச் சீட்டு ஒன்றை உருவினாள்.
இடம்: லீத். வாய்மொழி. நாள்: 26.
சொன்னவர்: அச்சுக்கோப்பவர், வயது ஐம்பது இருக்கலாம்.
பொருள்: வசை.
யாரைக் குறித்து, என்ற இடத்தில்
பேனா சற்று நின்றது.
‘ஒரு பெண்ணை’ என்று எழுதியது.

மிஸ்டர் ஆல்ட், வைத்துவிடாதீர்கள்.
தயவுசெய்து இன்னொரு முறை சொல்லுங்கள்.
நடுவில் ஒரு ‘ஸ்’ கேட்டதே,
அது சொல்லில் இருந்ததா
இல்லை
உங்கள் பல்லிடுக்கிலா?